பத்து அந்தர் வான்: உரும்பிராய் வீதியில் ஓடிய ஓர் ஆவணம்

யாழ்ப்பாணத்தின் சமூக வரலாற்றை எழுத முற்படுவோர் ஒல்லாந்தர் காலத் தோம்புகளைத் தேடுகின்றனர். கோயில், பள்ளிவாசல் ஆவணங்களைத் தேடுகின்றனர். பழைய பத்திரிகைகளைப் புரட்டுகின்றனர். இவையெல்லாம் தேவையானவையே. ஆயினும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த மண்ணின் விளைச்சலையும் மனிதரையும் சுமந்து திரிந்த பிரித்தானிய வான்களை ஆவணமாக எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. அவற்றின் இலக்கத் தகட்டில் ஒரு மொழிப் போராட்டம் இருக்கிறது. எரிபொருட் குழாயில் ஒரு பொருளாதாரத் தடை இருக்கிறது. கைமாறிய பதிவுப் புத்தகங்களில் இடப்பெயர்வுகள் இருக்கின்றன. இன்று அந்த வாகனங்கள் பழம்பொருளாக மதிக்கப்பட்டு விலை பேசப்படுகின்றன. அவற்றைப் புதுப்பிக்கும்போது எதனைக் காக்கிறோம், எதனைச் சுரண்டி எறிகிறோம் என்ற கேள்வியைச் சற்று ஆறுதலாக ஆராய்வது பயன் தரும்.

உரும்பிராயை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. யாழ் நகரிலிருந்து வடக்கே செல்லும் பலாலி வீதியும், மானிப்பாயிலிருந்து கோப்பாய்ப் பக்கமாகக் கைதடிக்குச் செல்லும் வீதியும் இவ்வூரில் சந்திக்கின்றன. சுண்ணாம்புக் கல்லின்மேல் படிந்த செம்மண், அதன்கீழ் கிணற்று நீர், அதனை இறைத்துப் பயிர் செய்யும் மக்கள் என்பதே ஊரின் அடிப்படை. புகையிலை, வெங்காயம், மிளகாய், மரக்கறி, வாழை எல்லாம் விளையும். ஆறே இல்லாத குடாநாட்டில் விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததை வாடுமுன் சந்தைக்குச் சேர்ப்பது மறுபாதி. சுன்னாகத்துக்கோ திருநெல்வேலிக்கோ யாழ். பெரிய கடைக்கோ மாட்டு வண்டியில் போக, விடியுமுன்பே புறப்படவேண்டும். அந்த நேரத்தைச் சுருக்கிக் கொடுத்தது மோட்டார் வாகனம். அது வந்த கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது பிரித்தானியா வெற்றி பெற்ற கடனாளியாக நின்றது. அந்நியச் செலாவணி தேடுவதற்காக மோட்டார் உற்பத்தியாளரை ஏற்றுமதிக்குத் தள்ளியது அந்நாட்டு அரசு. தட்டுப்பாடாக இருந்த உருக்கு, ஏற்றுமதி செய்வோருக்கே முன்னுரிமையுடன் பங்கிடப்பட்டது. இந்தச் சூழலில் பேர்மிங்ஹாமை அடுத்த லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து 1947இல் வெளிவந்தது ஒஸ்ரின் ஏ40. அதன் 1200 சீ.சீ. எஞ்சின் தந்த 40 குதிரைவலுவே பெயரிலுள்ள எண். கார் வடிவம் 1952இல் மாற்றப்பட்டபோதும், அதே அமைப்பில் செய்யப்பட்ட வானும் பிக்கப்பும் 1956 வரை தொடர்ந்தன. அவ்வாண்டே, அதாவது 1952இல், ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே நிறுவனமாக இணைந்தன. அடுத்த ஆண்டு மொறிஸ் மைனரின் வானும் பிக்கப்பும் வந்தன. அவை 1970களின் தொடக்கம் வரை உற்பத்தியாயின.

மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸின் வரலாறும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அவர் உஸ்மானியப் பேரரசின் இஸ்மிர் நகரில் 1906இல் பிறந்தவர். கிரேக்க - துருக்கியப் போரின் முடிவில், 1922இல், பெற்றோருடன் பிரித்தானியக் கப்பலேறி மோல்ட்டாவுக்கு வெளியேறினார். உலகெங்கும் எளிய குடும்பங்கள் வாங்கிய ஒரு வாகனம், வீடிழந்து வந்த ஒருவருடைய கையால் வரையப்பட்டது.

ஏ40 வான் பத்து ஹண்ட்ரட்வெயிற் சுமப்பதற்கென்று செய்யப்பட்டது. ஹண்ட்ரட்வெயிற் என்பது 112 இறாத்தல். இதைத்தான் நாம் அந்தர் என்று சொல்லி வந்தோம். இருபது அந்தர் ஒரு தொன்; ஆகவே இது அரைத் தொன் வான். வெங்காயத்தையும் புகையிலையையும் அந்தர்க் கணக்கில் விலை பேசிய தோட்டக்காரருக்கு இந்த வானின் அளவை எவரும் விளக்கவேண்டி இருக்கவில்லை. லோங்பிரிட்ஜில் ஆங்கிலேயன் எழுதிய கணக்கும் உரும்பிராயில் தராசு பிடித்தவன் வாயில் இருந்த கணக்கும் ஒன்றே. குடியேற்ற ஆட்சி அளவைகளையும் விட்டுச் சென்றிருந்தது; பின்னால் வந்த வாகனம் அந்த அளவைக்குள் இலகுவாக அமர்ந்துகொண்டது.

அதன் உடலமைப்பும் இந்நாட்டு வீதிக்கு ஏற்றதாக இருந்தது. செசி எனப்படும் தனி அடிச்சட்டத்தின்மீது உடல் பொருத்தப்பட்டிருந்தது. உடலின் தகடு உக்கினாலும் அடிச்சட்டம் நின்று பிடிக்கும். பின்பக்கத்தில் தகட்டு வில்கள். எஞ்சினுக்கு அருகில் கை நுழைவதற்குத் தாராளமான இடம். சாதாரண ஸ்பனர்களைக் கொண்டே பெரும்பாலான வேலைகளைச் செய்துவிடலாம். காருக்கும் வானுக்கும் எஞ்சின் ஒன்றாக இருந்தமையால், காருக்கு வந்த பாகம் வானுக்கும் பொருந்தியது. இந்தப் பொதுமை பின்னாளில் எவ்வளவு பெரிய உதவியாக அமையும் என்பதை அதனை வாங்கியவர்கள் அப்போது அறிந்திருக்க முடியாது.

இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னரும் வாகன இலக்கத் தகட்டில் நாட்டின் ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த இரண்டு எழுத்துகள் இருந்தன: சீ.ஈ., சீ.வை., ஈ.எல்., ஈ.என். என்றவாறு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதனை அடுத்து, 1957 தொடக்கத்திலிருந்து புதிதாகப் பதியப்பட்ட வாகனங்களுக்குச் சிங்கள எழுத்தில் ‘ஸ்ரீ’ வந்தது. தமிழரசுக் கட்சி இதனை எதிர்த்தது. 1958 மார்ச்சில், புதிதாக அமைந்த இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிங்கள ஸ்ரீ தாங்கிய பஸ்கள் வடக்குக்கு வந்தபோது போராட்டம் வெடித்தது. வடக்கில் தமிழ் ‘ஸ்ரீ’ எழுதினார்கள். தெற்கில் தமிழ் எழுத்துகளின்மேல் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் மூண்டது. ஆகவே பழைய வானொன்றின் இலக்கத் தகட்டைப் பார்த்தாலே அது எந்தப் பக்கத்துக் காலத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளலாம். ஆங்கில எழுத்துத் தாங்கிய ஏ40 அந்தப் பிளவுக்கு முன்னால் பதியப்பட்டது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. மோட்டார் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. இருந்ததை வைத்துக் காலம் தள்ள வேண்டிய நிலை. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியையும் இறுக்கியது. அதனால் நகர நுகர்வோர் வருந்தினர். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நல்ல விலை கண்டனர். உரும்பிராய் போன்ற ஊர்களில் கல்வீடுகள் எழுந்த காலம் அது. கையில் காசு இருந்தது, வாங்குவதற்குப் புது வாகனம் இல்லை. இந்த முரண்பாட்டின் நடுவில்தான் நமது கராஜ்கள் கலைக்கூடங்களாயின. உக்கிய கதவுக்குத் தகரம் வெட்டித் தட்டி எடுத்தார்கள். தேய்ந்த பாகத்தைக் கடைச்சலில் கொடுத்துப் புதிதாகக் கடைந்தார்கள். வேறொரு வாகனத்தின் உறுப்பை வெட்டிப் பொருத்தினார்கள். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு யப்பானிய வான்கள் வந்து குவிந்தபோது, உலகின் பிற இடங்களில் என்றால் இவை இரும்புக் கடைக்குப் போயிருக்கும். இங்கே போகவில்லை. ஓடுகின்ற பொருளை எறிவது என்ற வழக்கம் இந்த மக்களிடம் இல்லை.

1987 ஒக்ரோபரில் இந்திய அமைதிகாக்கும் படை பலாலியிலிருந்து நகரை நோக்கி நகர்ந்தபோது உரும்பிராய் வழியான பாதை போர்க்களமாயிற்று. பொதுமக்கள் பலர் உயிரிழந்தனர். அதன்பின் 1990 ஜூனில் மீண்டும் யுத்தம். குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மாத்திரம் மட்டுப்பட்ட அளவில், கடும் விலையில் கிடைத்தது. 1977க்குப் பின்னர் வந்த வாகனங்களில் பல வீட்டுக் கொட்டிலில் தூசு பிடித்தன. முப்பது, நாற்பது வருடப் பழைய ஒஸ்ரினும் மொறிஸும் வீதிக்கு வந்தன.

இதற்கு இயந்திரவியல் காரணம் உண்டு. பெற்றோலைவிட மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு அதிக வெப்பம் தேவை. அழுத்தத்தைத் தாங்கும் வலுவும் அதற்குக் குறைவு. உயர்ந்த அழுத்தத்தில் இயங்கும் எஞ்சினில் அது உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். ஏ40இன் எஞ்சினில் அழுத்த விகிதம் 7க்கு 1 என்ற அளவை ஒட்டியது. அதனால் பற்றவைப்பு நேரத்தைச் சற்றுப் பின்தள்ளி, பாரத்தையும் வேகத்தையும் குறைத்து ஓட்டினால் தாக்குப்பிடித்தது. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் கிளம்பாது. சிறு போத்தலில் பொன்போல வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவார்கள். எரியாத எண்ணெய் சுவர் வழியே வழிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும். பின்னால் வெண்புகை எழும். அந்த மணம் அக்காலத்து வீதியின் மணம்.

பற்றரித் தட்டுப்பாட்டிலும் பழைய அமைப்பே கைகொடுத்தது. இவ்வாகனங்களை முன்பக்கத்தில் ஹான்டில் செருகிக் கையால் சுற்றிக் கிளப்பலாம். ஸ்ராட்டரைச் சுழற்ற வலுவில்லாத பற்றரியும் பிளக்கில் பொறி தருவதற்குப் போதும்.

இந்த உபாயத்தை யார் கண்டுபிடித்தார் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. உண்மையில் அது கிணற்றடியில் ஏற்கெனவே இருந்தது. துலாவுக்குப் பின்வந்த இறைப்பு இயந்திரங்களில் பல பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. ஒரு வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சிய எந்த இளைஞனுக்கும் அந்த மாற்றம் கைவந்த வேலை. பிரித்தானியாவிலும் இதற்கு ஒரு முன்னோடி இருந்தது. 1940களில் அந்நாட்டுப் பண்ணைகளில் ஓடிய போர்ட்சன், பேர்கஸன் உழவு இயந்திரங்களில் பலவும் பெற்றோலில் கிளம்பி, மண்ணெண்ணெயை ஒத்த மலிவு எண்ணெயில் உழுதன. அங்கே பொறியியலாளர் வரைந்து செய்ததை, இங்கே தடையின் நெருக்கடியில் தோட்டக்காரரும் மெக்கானிக்குகளும் கையால் செய்தனர். உரும்பிராய்ச் செம்மண்ணின் விவசாய அறிவு ஒஸ்ரின் எஞ்சினுக்குள் புகுந்த இந்த நிகழ்வு நமது தொழில்நுட்ப வரலாற்றில் எழுதப்படவேண்டிய ஒன்று.

அந்த ஆண்டின் இன்னொரு நிகழ்வைச் சொல்லாமல் இக்கதையைத் தொடர முடியாது. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி கட்டளையிட்டனர். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். கொண்டுபோக விட்டது உடுதுணியும் சிறு தொகைப் பணமும் மாத்திரமே. வீடும் கடையும் வாகனமும் பின்னால் நின்றன. யாழ்ப்பாண முஸ்லிம்களில் லொறிப் போக்குவரத்திலும் இரும்பு வணிகத்திலும் ஈடுபட்டோர் பலர். எந்த இரும்பு எங்கே கிடைக்கும், எது எதற்குப் பொருந்தும் என்ற அறிவு தலைமுறை தலைமுறையாக அவர்களிடம் இருந்தது. பழைய இரும்பின் ஒவ்வொரு துண்டும் அரும்பொருளாகப்போகும் காலத்தின் வாசலில், அந்த இரும்பை அறிந்தவர்கள் துரத்தப்பட்டார்கள். புத்தளத்து அகதி முகாம்களில் அவர்கள் புதிதாக வாழத் தொடங்கினர். பின்னாளில் தடைக்கால யாழ்ப்பாணத்தின் சாமர்த்தியத்தைப் பெருமையோடு பேசியோரில் பலர் இந்த வெற்றிடத்தைப் பற்றிப் பேசவில்லை.

காலம் ஒரு திகதியை இரண்டு முறை எழுதியது. சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, இராணுவத்தின் ‘ரிவிரெச’ நடவடிக்கை நெருங்கிவர, வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். பல இலட்சம் பேர் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தனர். உரும்பிராயும் வெறிச்சோடியது. வாகனம் இருந்தவர் அதில் முதியோரையும் மூட்டைகளையும் ஏற்றினர். நெரிசலில் அதுவும் நடப்பவரின் வேகத்திலேயே நகர்ந்தது. இரண்டு வெளியேற்றங்களும் ஒன்றல்ல. ஒன்று ஒரு சமூகத்தை அதன் அடையாளத்துக்காக அகற்றியது. மற்றது போரின் முன்னால் ஓடியது. முதலாமவர் திரும்புவதற்கு இருபது ஆண்டுகள்வரை காத்திருக்க நேர்ந்தது, அப்போதும் சிலரே திரும்பினர். இரண்டாமவரில் பெரும்பகுதியினர் 1996இல் திரும்பினர். ஆயினும் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டவரின் துயரம் ஒன்றையொன்று அறியக்கூடியது.

இதே ஆண்டுகளில் தீவின் மறுமுனையில் நடந்ததையும் அருகே வைத்துப் பார்க்கவேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் புதுப்பிக்கும் நிலையம் நடத்திவந்த சார்ள்ஸ் வெயார், 1990களின் தொடக்கத்தில் இலங்கையர் ஒருவருடன் சேர்ந்து, தென்னிலங்கையில் அவ்வாகனத்தின் பாகங்களைச் செய்யும் தொழிலகமொன்றை அமைத்தார். அங்கே இந்நாட்டுக் கைகள் தட்டிய தகடுகள் கப்பலேறிப் பிரித்தானியாவுக்குச் சென்றன. பிறந்த நாட்டில் அருகிப்போன வாகனத்துக்கு முன்னாள் குடியேற்ற நாடு உறுப்புக் கொடுத்தது. அதே தீவின் வடக்கிலோ அதே வாகனத்துக்கு ஒரு சிறு உறுப்பு வாங்கவும் வழியில்லாதிருந்தது.

2002இல் ஏ9 பாதை திறந்தபோது பெற்றோலும் உதிரிப்பாகங்களும் புதிய வாகனங்களும் வந்தன. அத்துடன் கொழும்பிலிருந்து பழைய கார் தேடுவோரும் வந்தனர். 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டு, யுத்தம் முடிந்த 2009இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதன்பின் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் வேலையை ‘டிமோ பட்டா’ எடுத்துக்கொண்டது. இந்தியாவில் 2005இல் அறிமுகமான டாடா ஏஸ் என்ற சிறு லொறியே இங்கே அந்தப் பெயரில் ஓடுகிறது. பழைய வான்கள் சில விற்கப்பட்டன. சில மரத்தடியில் உக்கின. சில புதுப்பிக்கப்பட்டுத் திருமண ஊர்வலத்துக்கு வருகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை அந்தத் தடை நீடித்தபோது, 1960களின் பாடத்தை மீண்டும் படித்தோம். ஆனால் பழைய உபாயம் இம்முறை உதவவில்லை. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் மண்ணெண்ணெய்க்கும் வரிசை நின்றது. அவ்வாண்டு ஓகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று.

இனிப் புதுப்பித்தல் பற்றி. பொதுவாகப் பின்பற்றப்படும் இலட்சியம், வாகனத்தைத் தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் நாளுக்குத் திருப்புவது. நிறம், இருக்கை, விளக்கு, காபரேற்றர் எல்லாம் 1950இல் இருந்தபடி அமையவேண்டும். இங்கிலாந்தில் இது பொருத்தமாக இருக்கலாம். அங்கே அந்த வானின் முக்கியமான நாள் அது பிறந்த நாளே. நமது வானின் முக்கியமான நாள்கள் பின்னால் வந்தவை. தொழிற்சாலைத் தகட்டை வைப்பதற்காகக் கையால் தட்டிய தகட்டை எறிந்தால், 1960களின் கராஜ் அழிகிறது. மண்ணெண்ணெய்க்காகச் செருகிய குழாயையும் சிறு தாங்கியையும் கழற்றி எறிந்தால், 1990 அழிகிறது. எஞ்சுவது பளபளக்கும் ஒரு ஆங்கில வான். அதனை வாங்க உரும்பிராய்க்கு வரவேண்டியதில்லை.

இதற்காக எல்லாவற்றையும் உக்க விட்டுவிடவேண்டும் என்று எவரும் சொல்லமாட்டார். பிறேக்கில் சமரசம் கூடாது. ஏ40இல் முன்சில்லுகளுக்கு எண்ணெய் அழுத்தமும் பின்சில்லுகளுக்குக் கம்பி இணைப்பும் சேர்ந்த கலப்பு முறை இருந்தது. அதன் தேய்ந்த பாகங்கள் அனைத்தும் மாற்றப்படவே வேண்டும். அடிச்சட்டத்தின் துருவும் மின்கம்பிகளும் அவ்வாறே. ஆனால் கழற்றுமுன் படம் எடுக்கலாம். கழற்றிய குழாயையும் தாங்கியையும் எழுதி ஒட்டி ஒரு பெட்டியில் வைக்கலாம். பெயின்ற் அடுக்குகள் தெரியும்படி ஒரு மூலையைத் தொடாமல் விடலாம். அதில் வேலை செய்த முதிய மெக்கானிக்கிடம் ஒரு பிற்பகல் இருந்து கேட்டு எழுதலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பதிவுப் புத்தகத்தின் பிரதியொன்றைப் பாதுகாக்கவேண்டும். முன்னைய உடைமையாளரின் பெயர்கள் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ஒரு தமிழ்ப் பெயரின் கீழ் ஒரு முஸ்லிம் பெயர், அதன் கீழ் ஒரு சிங்களப் பெயர் என்று வரக்கூடும். ஒரு கைமாற்றம் விற்பனையா, பறிகொடுத்ததா, விட்டுப் போனதா என்பதை அந்தப் புத்தகம் சொல்லாது. அதைக் கேட்டறிய அப்பெயர்களுக்குரியவரோ அவரது பிள்ளைகளோ இன்னும் இருக்கிறார்கள், புத்தளத்திலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும். பழைய வான் ஒன்றை வாங்கும் ஒருவர் புது எஞ்சின் ஒயில் ஊற்றுமுன் செய்யவேண்டிய முதல் வேலை, அந்தப் பெயர்களில் ஒன்றையாவது தேடிப்பிடித்து, இந்த வான் உங்களிடமிருந்து எப்படிப் போனது என்று கேட்பதுதான்.